சுயவிபரக் கோவையைக் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தால்

கேள்வி: ஐயா, நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு கல்வி அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவில் வேலை செய்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் என்னையே தகவல் அலுவலராகவும் நியமித்தார்கள். பயிற்சி எதுவும் தரவில்லை. இப்போது தோட்டப் பாடசாலை ஒன்றில் படிக்கும் பிள்ளையின் தகப்பனார், அங்கே கணிதம் கற்பிக்கும் ஆசிரியையைப் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் தந்திருக்கிறார். முதல் நியமனத் திகதி, எந்தப் பாடத்துக்கு நியமனம், தகைமைச் சான்றிதழ்களின் பிரதி, பெற்ற இடமாற்றங்கள், இரண்டு வருடத்தில் எடுத்த லீவும் அதற்கான காரணமும், சம்பளம், ஒழுக்காற்று விசாரணை ஏதும் உண்டா, அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம் என்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஆசிரியைக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. சங்கத்திலிருந்து போன் வருகிறது. மேலதிகாரியோ, "பர்சனல் ஃபைல், கொடுக்க முடியாது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்" என்கிறார். கொடுத்தால் ஆசிரியை என் மேல் முறைப்பாடு செய்வாரா? கொடுக்காவிட்டால் எனக்குத் தண்டனை என்கிறார்களே, உண்மையா? விண்ணப்பம் வந்து மூன்று நாளாகிறது.
பெயர் வேண்டாம், ஹற்றன் பக்கம்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

மூன்று நாள்தான் ஆகியிருக்கிறது என்பது நல்லது. நேரம் இருக்கிறது. அந்த ஒரு வரிக் கடிதத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், தகவலை மறுப்பதற்கான காரணங்களை 5ஆம் பிரிவு ஒவ்வொன்றாகச் சொல்கிறது. "சுயவிபரக் கோவையில் இருக்கிறது" என்பது அவற்றில் ஒன்றாக இல்லை. தகவல் எந்த மட்டைக்குள் கிடக்கிறது என்று சட்டம் பார்ப்பதில்லை, அது எப்படிப்பட்ட தகவல் என்று பார்க்கிறது. உங்கள் மேலதிகாரி, அரசாங்க ஊழியர்களுக்கான விதித் தொகுப்பாகிய தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயத்தை எடுத்துக் காட்டக்கூடும். தகவல் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மற்ற எழுத்துச் சட்டங்களோடு முரண் வந்தால் இந்தச் சட்டமே மேலோங்கும் என்கிறது. மற்றச் சட்டங்களுக்கே அந்த நிலை என்றால் விதிக்கோவையைக் காட்டி மறுக்க முடியாது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் மலையகத்துக் கந்தோர்களில் நிர்வாக வேலை பார்த்தவன். ஓய்வுக்கு முந்திய வருடங்களில் தகவல் அலுவலராகவும் இருந்தேன். 2017 பெப்ரவரி 3ஆம் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தபோது எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. சட்டத்தின் தமிழ்ப் பிரதியை மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டு, விண்ணப்பம் வரும்போதெல்லாம் எடுத்து வாசித்துத்தான் பழகினேன். நீங்களும் அப்படியே செய்யலாம். இன்று இரவு 5, 6, 24, 25, 28, 29 ஆகிய ஆறு பிரிவுகளை மட்டும் வாசித்துவிட்டுப் படுங்கள். பாதிப் பயம் போய்விடும்.

நாளைக் காலை முதல் வேலையாக அந்தக் கோவையை எடுத்து மேசையில் வைத்துத் திறவுங்கள். நான் பார்த்த அளவில், மறுப்புக் கடிதம் எழுதும் முக்கால்வாசிப் பேர் கோவையைத் திறந்தே பார்ப்பதில்லை. திறந்தால் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூலை மடங்கிப்போன மட்டை, நடுவில் நூல், அதில் கோத்த நூற்றைம்பது இருநூறு கடதாசி. நியமனக் கடிதம், கடமையேற்ற கடிதம், பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பள ஏற்றப் படிவங்கள், இடர் கடன் விண்ணப்பம், இடமாற்றக் கடிதங்கள், வைத்தியச் சான்றிதழ்கள், எப்போதோ ஒரு அதிபர் கோபத்தில் எழுதிய முறைப்பாடு, அதற்கு ஆசிரியை எழுதிய விளக்கம். இத்தனையையும் ஒரே பெயரில் அழைப்பது நமது வசதிக்காக. கொடுக்கலாமா கூடாதா என்ற கேள்வியை ஒவ்வொரு கடதாசியிடமும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

பார்க்கத் தொடங்குமுன் ஒரு காரியம். வலது மேல் மூலையில் சிவப்புப் பேனையால் பக்க இலக்கம் இடுங்கள். ஏற்கெனவே இலக்கம் இருந்தால் விடுபட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். கடைசிப் பக்கத்தின் இலக்கத்தைக் குறிப்புத் தாளில் எழுதித் திகதியிட்டுக் கையொப்பமிடுங்கள். விண்ணப்பம் வந்த கோவையில் பிறகு ஒரு கடதாசி "காணாமல்" போனால் முதலில் உங்களிடம்தான் கேட்பார்கள். விண்ணப்பத்துக்குரிய ஆவணத்தை, விண்ணப்பமோ மேன்முறையீடோ முடியும்வரை அழிக்கக் கூடாது என்பதும் சட்டம்.

இப்போது அளவுகோலுக்கு வருவோம். 5ஆம் பிரிவின் (1)(அ) உட்பிரிவு இப்படிப் போகிறது: எந்தப் பொதுச் செயற்பாட்டுக்கும் பொது நலனுக்கும் தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை, அல்லது வெளியிட்டால் ஒருவருடைய அந்தரங்கத்துக்குள் தேவையில்லாமல் நுழைவதாக ஆகிவிடும் தனிப்பட்ட தகவலை மறுக்கலாம். பெரிய பொது நலன் ஒன்று இருந்தாலோ, சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தாலோ கொடுக்கலாம். நான் இதை எனக்குள் சுருக்கி வைத்திருந்தேன்: இந்தக் கடதாசி அவர் வகிக்கும் பதவியைப் பற்றிப் பேசுகிறதா, அவர் வாழும் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறதா? பதவி மக்கள் பணத்தில் நடப்பது. வாழ்க்கை அவருடையது.

நியமனத் திகதி, எந்தப் பாடத்துக்கு எந்த மொழிமூலத்துக்கு நியமனம், எந்தெந்தப் பாடசாலையில் எப்போதிலிருந்து எப்போது வரை, என்ன இடமாற்றம்: இவை எல்லாம் பதவி. யோசிக்காமல் கொடுக்கலாம். நியமனக் கடிதத்தின் பிரதியைக் கொடுப்பதானால் அதிலுள்ள வீட்டு விலாசத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மறைத்துவிட்டுக் கொடுங்கள்.

சம்பளமும் அப்படியே. எந்த வகுப்பு, எந்தத் தரம், எந்தச் சம்பள அளவுத்திட்டம் என்பதில் இரகசியம் ஏது? அளவுத்திட்டமே பொது நிர்வாகச் சுற்றறிக்கையில் அச்சாகி இருக்கிறது. ஆனால் சம்பளப் பட்டியலின் மறுபாதி, அதாவது கழிவுகள், வேறு விஷயம். இடர் கடனுக்கு எவ்வளவு, வங்கிக்கு எவ்வளவு, ஜீவனாம்சக் கட்டளைக்கு எவ்வளவு என்பது அவர் வாழ்க்கை. சம்பளச் சீட்டைப் பிரதியெடுத்துக் கொடுக்காமல், தேவையானதை மட்டும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுப்பதே நல்லது.

லீவு விஷயத்தில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். எத்தனை நாள் பாடசாலைக்கு வரவில்லை என்பது பிள்ளைகளின் படிப்போடு நேரே சேர்ந்தது. அது தகப்பனாருக்குத் தெரியத்தான் வேண்டும். ஏன் வரவில்லை என்பது பெரும்பாலும் தெரிய வேண்டியதில்லை. வைத்தியப் பதிவுகளை அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாது என்று 5ஆம் பிரிவே தனியாகச் சொல்கிறது. வருடத்துக்கு மொத்தம் எத்தனை நாள் என்று கொடுங்கள், கடமை லீவை, அதாவது அலுவலக வேலையாகப் போன நாட்களை, மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஒரு தரம் இப்படித்தான் ஒரு ஆசிரியையின் லீவைக் கேட்டுக் கோபமாக ஒரு தகப்பனார் வந்தார். "மாதத்தில் பாதி நாள் டீச்சர் இல்லை" என்றார். கணக்கெடுத்துப் பார்த்தபோது, அவர் வராத நாட்களில் பெரும்பங்கு அலுவலகமே செயலமர்வுக்கும் போட்டிகளுக்கும் அழைத்த நாட்கள். அந்தக் கடதாசியை வாசித்துவிட்டு அந்த மனுசன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப ஒரே டீச்சரை ஏன் சார் திரும்பத் திரும்பக் கூப்பிடுறீங்க?" என்று என்னிடம் கேட்டார். அது சரியான கேள்வி. ஆசிரியையின் மேல் இருந்த பழி அன்றைக்கு அந்தக் கடதாசியால் நீங்கியது. "கொடுக்க முடியாது" என்று அனுப்பியிருந்தால் அந்தப் பழி லயம் முழுக்க, தோட்டக் குடியிருப்பு வரிசை முழுக்க, பரவியிருக்கும்.

தகைமைச் சான்றிதழ்தான் இதில் கடினமான பகுதி. 2014இல் வெளியான இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு, இன்ன நியமனத்துக்கு இன்ன தகைமை வேண்டும் என்று சொல்கிறது. அந்தத் தகைமை அவரிடம் இருக்கிறதா, எந்த நிறுவனத்தில் எந்த வருடம் பெற்றார் என்பது பதவியோடு சேர்ந்த தகவல். கொடுக்கலாம். சான்றிதழின் பிரதி என்றால் அதில் பாடவாரியான பெறுபேறு இருக்கும், சுட்டிலக்கம் இருக்கும், பிறந்த திகதியும் இருக்கலாம். சாதாரண தரத்தில் அவர் எந்தப் பாடத்துக்கு என்ன எடுத்தார் என்பதை ஊர் அறிய வேண்டிய தேவை என்ன? என் யோசனை, தகைமைகளை ஒரு பட்டியலாக எழுதிக் கொடுத்துவிட்டு, பிரதியைப் பொறுத்தவரை ஆசிரியையின் கருத்தைக் கேட்பது. சான்றிதழ் போலி என்று அடிப்படையுள்ள சந்தேகம் இருந்தால் நிலைமை மாறிவிடும். பொது நலன் பாரமாக இருந்தால் 5ஆம் பிரிவின் (4) உட்பிரிவு விதிவிலக்கையும் தாண்டச் சொல்கிறது. உங்களுக்கு வந்த விண்ணப்பத்தில் அப்படி ஒரு சந்தேகம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஒழுக்காற்று விசாரணை பற்றி: குற்றப்பத்திரம் கொடுக்கப்பட்டிருக்கிறதா, விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, முடிந்திருந்தால் இறுதிக் கட்டளை என்ன என்று சொல்லலாம். சாட்சிகளின் வாக்குமூலத்தைக் கொடுக்காதீர்கள். அதிலும் பிள்ளைகளின் பெயர் வந்தால் அந்தப் பக்கத்தை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பாருங்கள். தோட்டத்தில் "தரம் ஏழில் படிக்கும், அப்பா இல்லாத பிள்ளை" என்று எழுதினாலே போதும், எந்த வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெயரை மட்டும் மறைப்பது அங்கே போதாது.

அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம், கணவர், பிள்ளைகள்: இல்லை. இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

ஆக, கேட்டதில் பாதிக்கு மேல் கொடுக்கலாம், மிச்சம் முடியாது. அப்படியானால் முழுவதையும் மறுக்கலாமா? கூடாது. 6ஆம் பிரிவு, மறுக்க வேண்டிய பகுதியைப் பிரித்தெடுத்துவிட்டு மற்றதைக் கொடுக்கச் சொல்கிறது.

பிரித்தெடுப்பதைக் கையால் எப்படிச் செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன், இதில் நிறையப் பேர் தவறிவிடுகிறார்கள். மூலத்தில் ஒருபோதும் மை படக் கூடாது. முதலில் ஒரு போட்டோக் கொப்பி எடுங்கள். அந்தக் கொப்பியில், மறைக்க வேண்டிய வரியைக் கறுப்பு மார்க்கரால் அடியுங்கள். இப்போது அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மைக்கு அடியில் இலக்கம் அப்படியே தெரியும். அதனால் அந்த அடித்த கொப்பியை மறுபடி ஒரு கொப்பி எடுத்து, அந்த இரண்டாவது கொப்பியைத்தான் கொடுக்க வேண்டும். மறைத்த இடத்துக்குப் பக்கத்தில் "5(1)(அ)" என்று சின்னதாக எழுதிவிடுங்கள். வாங்குபவருக்கு எது ஏன் இல்லை என்று தெரிய வேண்டும். அடித்த முதல் கொப்பியை உங்கள் தகவல் கோவையில் வைத்துக்கொள்ளுங்கள், மேன்முறையீடு வந்தால் தேவைப்படும்.

அடுத்தது 29ஆம் பிரிவு. உங்கள் கேள்வியில் நீங்கள் கேட்காமல் விட்டது இதைத்தான், இருந்தாலும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேறொருவர் சம்பந்தப்பட்ட, அல்லது அவர் கொடுத்த தகவல், கொடுக்கும்போதே இரகசியமாகக் கருதப்பட்டிருந்தால், விண்ணப்பம் கிடைத்து ஒரு வாரத்துக்குள் அவருக்கு எழுத்தில் அறிவித்து, ஏழு நாளுக்குள் கருத்தைச் சொல்லும்படி கேட்க வேண்டும். அவர் பதில் தராவிட்டால் கொடுக்கலாம், சம்மதித்தால் கொடுக்கலாம், மறுத்தால் மறுக்க வேண்டும். மறுத்த பிறகும், பொது நலன் மேலோங்குகிறது என்று கண்டால் கொடுக்கும்படி பணிக்கத் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது.

இங்கேதான் பல அலுவலகங்களில் ஒரு குறுக்கு வழி பழக்கமாகிவிட்டது. விண்ணப்பத்தில் உள்ள அத்தனையையும் உத்தியோகத்தருக்கு அனுப்பி, "ஆட்சேபனை உண்டா?" என்று கேட்பார்கள். அவர் உண்டு என்பார். உடனே எல்லாவற்றையும் மறுத்துவிடுவார்கள். இது சட்டத்தை வைத்துச் சட்டத்தைப் பூட்டுவது. நியமனக் கடிதம் ஆசிரியை இரகசியமாக நம்மிடம் தந்தது அல்ல, அரசாங்கம் அவருக்குத் தந்தது. இடமாற்றக் கடிதமும் அப்படியே. அவற்றுக்கு அவருடைய சம்மதத்தைக் கேட்கும் தேவை இல்லை. இரகசியமாகக் கருதக்கூடியதற்கு மட்டும், உங்கள் விஷயத்தில் சான்றிதழ்ப் பிரதிகளுக்கு மட்டும், அறிவித்தல் அனுப்புங்கள். ஒரு வாரத்தில் மூன்று நாள் போய்விட்டது. அதனால் கோவையைப் பார்த்த அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், பதிவுத் தபாலிலோ கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்கியோ.

அந்த அறிவித்தலில் கேட்டவருடைய பெயரை எழுதாதீர்கள். ஆசிரியையிடம் அவர் கருத்தைக் கேட்பதற்கு அது வேண்டியதில்லை. நான் வேலை செய்த ஒரு அலுவலகத்தில், விண்ணப்பத்தையே கொப்பி எடுத்து, சம்பந்தப்பட்ட உத்தியோகத்தரின் கையில் கொடுத்துவிட்டார்கள். பொழுது சாயும்போது அவருடைய தம்பியும் இன்னும் இரண்டு பேரும் கேட்டவரின் லயத்து வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். அடி எதுவும் இல்லை. வந்து நின்றார்கள், அவ்வளவுதான். மறுநாள் அந்த மனுசன் அரைநாள் பேரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, இழந்துவிட்டு வந்து, "எனக்கு ஒண்ணும் வேணாங்க சார், கொடுத்ததைத் திருப்பித் தாங்க" என்றார். அந்த வாபஸ் கடிதத்தை வாங்கி முத்திரை குத்தியவன் நான்தான். இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது. ஆசிரியைக்கு "எப்படியோ" விஷயம் தெரிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எப்படியோ உங்கள் அலுவலகத்துக்குள்தான் இருக்கிறது. விண்ணப்பத்தை இன்றே உங்கள் அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். பதிவேட்டையும் கண்ட இடத்தில் திறந்து வைக்காதீர்கள்.

கேட்டவரிடம் நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏன் கேட்கிறீர்கள் என்று அவரிடம் கேட்கக் கூடாது. காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று 24ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் என்ன வேண்டும் என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளலாம். ஒருவேளை அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது, அந்தப் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் எத்தனை பேர் அனுமதிக்கப்பட்டிருக்கிறார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதாக இருக்கலாம். தோட்டப் பாடசாலைகளில் வேறு பாடத்துக்கு நியமனம் பெற்றவர் ஆளில்லாக் குறைக்குக் கணிதம் எடுப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியான தகவலும் கேட்கலாம் என்று சொல்லிக் கொடுங்கள். எழுதத் தெரியாமல் ஒருவர் வந்து வாயால் கேட்டால், அதை எழுதிக்கொள்வது உங்கள் கடமை. குறிப்பிட்ட படிவத்தில்தான் தர வேண்டும் என்று திருப்பி அனுப்பாதீர்கள், சாதாரணக் கடிதமும் விண்ணப்பம்தான்.

இன்னொன்று. சட்டம் "பிரஜை" என்று சொல்வதைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்திலிருந்து வருபவரிடம் பிரஜாவுரிமைக் கடதாசி கேட்ட உத்தியோகத்தர்களை எனக்குத் தெரியும். கொழும்பிலிருந்து வருபவரிடம் கேட்பார்களா? மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி, அதைத் திருப்பித் தந்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரைக்கும் எங்கள் ஆட்கள் அந்தக் கடதாசிக்காக வாசல் வாசலாக நின்றார்கள். என் அம்மா நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தகவல் கேட்டு வருபவரை அந்த வரிசையில் மறுபடி நிற்க வைக்காதீர்கள்.

பதில் தமிழில் போகட்டும். நுவரெலியா மாவட்டத்தில் சிங்களமும் தமிழும் இரண்டும் நிர்வாக மொழிகள். தமிழில் கேட்டவருக்குச் சிங்களத்தில் ஒரு பக்கம் அனுப்பினால், அதை வாசிக்க அவர் ஆள் தேடிப் போவார், பிறகு விஷயம் ஊருக்கே தெரிந்துவிடும். ஆவணம் சிங்களத்தில் இருந்தால் பிரதி அப்படியே போகலாம். மேலே வைக்கும் கடிதத்தில் அதில் என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதுங்கள்.

நாள் கணக்கு இது. விண்ணப்பம் கிடைத்த உடனேயே எழுத்தில் ஏற்றுக்கொண்ட பற்றுச்சீட்டு கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் இன்றே கொடுங்கள். கொடுப்பதா இல்லையா என்ற தீர்மானத்தை முடிந்தளவு சீக்கிரம், எப்படியும் 14 வேலை நாளுக்குள் அறிவிக்க வேண்டும். போயா தினமும் சனி ஞாயிறும் அதில் சேராது. கொடுப்பதென்று தீர்மானித்தால், கட்டணம் கட்டி 14 நாளுக்குள் தகவல் போக வேண்டும். நிறைய ஆவணம் தேட வேண்டியிருந்தால் மேலும் 21 நாள் வரை நீட்டலாம், ஆனால் காரணத்தைக் கேட்டவருக்கு எழுத வேண்டும். உங்கள் விண்ணப்பத்துக்கு நீட்டிப்புத் தேவைப்படாது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். கொடுத்தால் ஆசிரியை உங்கள் மேல் நடவடிக்கை எடுப்பாரா? சட்டத்தின்படி நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்காக உங்கள் மேல் சிவில் பொறுப்போ குற்றவியல் பொறுப்போ சுமத்த முடியாது என்று 30ஆம் பிரிவு பாதுகாக்கிறது. கொடுக்க அனுமதிக்கப்பட்ட தகவலைக் கொடுத்ததற்காக எந்த ஊழியரையும் தண்டிக்க முடியாது என்கிறது 40ஆம் பிரிவு. கொடுக்காவிட்டால் தண்டனை என்பதும் உண்மைதான், ஆனால் நீங்கள் பயப்படும் விதத்தில் அல்ல. வேண்டுமென்றே தடுப்பது, பிழையான தகவல் தருவது, ஆவணத்தை அழிப்பது, திருத்துவது, மறைப்பது: இவை 39ஆம் பிரிவில் குற்றங்கள். நீதவான் நீதிமன்றத்தில் நிரூபணமானால் 50,000 ரூபா வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். காரணத்தோடு, நேர்மையாக, ஒரு பகுதியை மறுத்தவரை அந்தப் பிரிவு தொடாது. உங்கள் தீர்மானம் பிழை என்றால் மேன்முறையீட்டில் திருத்துவார்கள், அதற்காகத்தான் மேன்முறையீடு இருக்கிறது.

மேலதிகாரியிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கோவையைப் பார்த்து முடித்ததும், எதைக் கொடுக்கிறேன், எதை எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறேன் என்று குறிப்புத் தாளில் அரைப் பக்கம் எழுதி அவர் பார்வைக்கு வையுங்கள். "சேர், மறுத்தால் 28ஆம் பிரிவின்படி காரணத்தை எழுத வேண்டும். ஆணைக்குழுவுக்குப் போனால் நாம் செய்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு நம் பக்கம்தான்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மறுக்கச் சொன்னால், அந்தப் பணிப்பை அதே குறிப்புத் தாளில் எழுதித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். என் அனுபவத்தில் எழுதித் தந்தவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள், "சரி, சட்டப்படி செய்யுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள்.

சங்கத்துக்குப் போனில் பதில் சொல்லாதீர்கள். "சம்பந்தப்பட்டவருக்கு எழுத்தில் அறிவிப்போம், அவர் கருத்தை எழுத்தில் தரலாம்" என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

மறுக்கும் பகுதிக்கு இப்படி எழுதலாம்: "தாங்கள் கோரிய தகவல்களில் தேசிய அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம் ஆகியவை சட்டத்தின் 5(1)(அ) பிரிவின் கீழும், லீவுக்கான வைத்தியக் காரணங்கள் 5(1)(உ) பிரிவின் கீழும் வழங்கப்படவில்லை. இத்தீர்மானத்தில் திருப்தி இல்லையெனில், 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம்." அந்த அலுவலரின் பதவிப் பெயரையும் விலாசத்தையும் கீழே கட்டாயம் போடுங்கள். உட்பிரிவின் எழுத்தை மட்டும், உங்களிடம் உள்ள சட்டத்தின் தமிழ்ப் பிரதியோடு ஒரு தரம் ஒத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். குறித்தளிக்கப்பட்ட அலுவலர் மூன்று வாரத்துக்குள் தீர்மானிக்க வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழு. இதையும் அந்தத் தகப்பனாருக்கு வாயால் விளக்கிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத இன்னொரு விஷயமும் இதோடு வரும், இப்போதே சொல்லி வைக்கிறேன். இந்த விஷயம் ஊருக்குத் தெரிந்த பிறகு, ஆசிரியர்களே தங்கள் சொந்தக் கோவையைக் கேட்டு வருவார்கள். அப்போது 5(1)(அ) பற்றி யோசிக்கவே வேண்டாம், தன் அந்தரங்கத்தைத் தன்னிடமிருந்து யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை. தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாக 6,000 ரூபா கொடுப்பனவில் சேர்ந்து, பிறகு 10,000 ரூபாவில் வருடக்கணக்கில் காத்திருந்தவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். நிரந்தரமாக்கிய திகதி, சம்பள ஏற்றத் திகதி, நிலுவை எல்லாவற்றுக்கும் அவர்களுக்குத் தங்கள் கோவையிலுள்ள கடதாசிதான் ஆதாரம். நியமனக் கடிதத்தில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இருக்கும் அந்தப் பழைய கரைச்சலும் கோவையைப் பார்த்தால்தான் வெளியே வரும், ஓய்வூதிய நேரத்தில் தெரிந்து பயனில்லை. அப்படி யாராவது வந்தால் கொப்பி எடுக்கச் சொல்லிக் காத்திருக்க வைக்காமல், ஒரு கதிரையைப் போட்டு, உங்கள் முன்னாலேயே கோவையைப் பார்க்க விடுங்கள். ஆவணத்தைப் பார்வையிடுவதும் சட்டம் தரும் உரிமைதான், முதல் ஒரு மணித்தியாலத்துக்குக் கட்டணமும் இல்லை.

இந்த வாரத்துக்குள் பக்க இலக்கம் இட்டு, சான்றிதழ் பற்றிய அறிவித்தலை ஆசிரியைக்கு அனுப்பி முடியுங்கள். அவருடைய பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். மறுக்கிறார் என்றால், மறுப்புக் கடிதத்தில் அந்தப் பந்தியை எப்படி எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம்.